பூனை வழி பார்த்துக்கொண்டே வரட்டும்

12 மே, திங்கள்

கத்திரி வெயில். காலை எட்டு மணிக்கே கூரைத் தகரம் சுடுகிறது. தண்ணீர் லாரி வரவில்லை.

முடிவாகிவிட்டது. ஜூன் முதல் வாரத்தில் இருந்து தூத்துக்குடி. தடைக்காலம் முடிந்து போட்டுகள் கடலுக்குப் போவதற்குள் ராயபுரத்து இறால் ஷெட்டை மூடிவிட்டு அங்கே புதிதாகத் திறக்கிறார்கள். சூப்பர்வைசர்களில் கூப்பிட்டது என்னை மட்டும். பதினாறு வருஷம் ஐஸ் தண்ணீரில் நின்ற காலுக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொள்கிறேன். வேறு யாரும் அப்படிச் சொல்லப் போவதில்லை.

மானேஜர் சொன்னது: சாமான் கம்பெனி லாரியில் போகும், நீங்கள் ரயிலில் வந்துவிடுங்கள்.

"மூணு பூனை இருக்கு சார்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரும் நிறுத்திவிட்டார்.

ரயில் சரிப்படாது. கார்தான். காலையில் கிளம்பினால் சாயங்காலம் ஆகிவிடுமாம், அறுநூறு கிலோமீட்டர். போக வேண்டியவர்கள்:

மேஸ்திரி. கடுவன். ஏழு வயது. சாம்பல் நிறம். வலது காது பாதிதான். கர்வம் ஜாஸ்தி.

பட்டாணி. பெண். மூன்று வயது. பிரஷர் குக்கர் விசிலுக்கே கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

குள்ளம்மா. பட்டாணியின் மகள். எட்டு மாதம். எதையும் தின்னும், பால் கவர் உட்பட.

வசந்தா அக்காவிடம் சொன்னேன். கூடப் பிறந்தவள், ஒரே சுவர், பக்கத்து வீடு, டோல்கேட் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். கத்தியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"பூனைய எவளாச்சும் ஊரு வுட்டு ஊரு இட்டுகினு போவாளாடி? அது வூட்டத்தான் பாக்கும், உன் மூஞ்சிய பாக்காது. இங்கியே வுட்டுட்டுப் போ. நான் மீன் தலை போட்டுகினு கீறேன்."

"இட்டுகினுதான் போவேன்."

இங்கேயும் எழுதி வைக்கிறேன். இட்டுகினுதான் போவேன்.

13 மே, செவ்வாய்

புழுக்கம். திருவொற்றியூர் தேரடி கார் ஸ்டாண்ட். முதல் டிரைவர், நெற்றி நிறைய விபூதி, வண்டி முன்னால் எலுமிச்சம்பழம் மிளகாய்.

"யக்கா, பூனை குறுக்க வந்தாலே வண்டிய ஆஃப் பண்ணிட்டு அஞ்சு நிமிசம் குந்திகினு கீறவன் நானு. நீ இன்னான்னா உள்ளாறயே ஏத்த சொல்ற."

"உள்ளாற இருந்தா குறுக்க எப்டி வரும்?"

ஸ்டாண்டே சிரித்தது. அவன் மட்டும் அதை யோசித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாமவன் விழுப்புரம் தாண்ட மாட்டானாம். மூன்றாமவன் காது கேட்காத மாதிரி திரும்பிக்கொண்டான். கடைசியில் மசூதித் தெரு ஜப்பார் பாய். சொந்த டாடா சுமோ. வண்டிக்கு அடியில் படுத்தபடியே பேசினார்.

"பூனதானே? எங்க வூட்ல நாலு கீது கஸ்தூரிமா. வெள்ளிக்கிய்ம பிரியாணி துன்னும். ஏத்திக்கலாம். சீட்டுல எதுனா பண்ணுச்சின்னா நீதான் கயுவணும், அவ்ளோதான்."

சரி என்றேன். 24 சனிக்கிழமை, விடியற்காலை நாலரை. வெயில் ஏறுவதற்குள் பாதி தூரம் போய்விட வேண்டும்.

வீடு திரும்பும்போது நடையே மாறியிருந்தது. அரை கிலோ வெங்காயம் வாங்க மறந்தேன்.

14 மே, புதன்

பூனைக்குக் கூண்டு வேண்டும். கடையில் கிளிக்கூண்டுதான் இருக்கிறது. ஷெட்டில் இருந்து பழைய இறால் பெட்டி ஆறு கொண்டுவந்தேன், பிளாஸ்டிக், பக்கமெல்லாம் ஓட்டை. ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்து ஒரு பக்கம் நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் கூண்டு. மறுபக்கம் கதவு. காற்று வரும், வெளியே தெரியும். நானே செய்தேன். கட்டை விரல் கிழிந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கை பழக்கம் விடுமா? ஷெட்டில் எந்தப் பெட்டியும் குளோரின் தண்ணீரில் மூன்று தடவை கழுவாமல் ஆள் கைக்குப் போகாது. மூன்று தடவை கழுவினேன். எந்த இன்ஸ்பெக்டர் வந்தாலும் பாஸ்.

மேஸ்திரி வந்தான். மோந்தான். ஒவ்வொரு பெட்டியிலும் நாலு மூலையிலும் ஒன்றுக்கு அடித்தான். ஒரு மூலை விடவில்லை. குள்ளம்மா பெட்டிக்குள் உருண்டு பிளாஸ்டிக்கை நக்க ஆரம்பித்தது, இழுத்தாலும் வரவில்லை. பட்டாணி கட்டிலுக்கு அடியில்.

அப்புறம்தான் புத்தி வந்தது. எனக்குச் சுத்தம் என்றால் ஒரு வாசனையும் இல்லாதது. அவனுக்கு அது யாருமே இல்லாத வீடு. பெயர் எழுதிவிட்டுப் போயிருக்கிறான், பாவம்.

வெறும் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, ஷெட்டுக்குக் கட்டிப்போகிற என் பழைய புடவைகளைக் கிழித்து உள்ளே போட்டேன். துவைக்காதவை. சாயங்காலம் பட்டாணியும் குள்ளம்மாவும் உள்ளே தூங்கிவிட்டன. மேஸ்திரி மட்டும் பெட்டிக்கு மேலே. உள்ளே கால் வைக்கவில்லை.

15 மே, வியாழன்

பாய் வண்டி எங்கள் சந்து முனையில் அரை மணி நேரம் நிற்கும் என்று ஏற்பாடு, தினமும் சாயங்காலம். பின் சீட்டில் வைத்துச் சோறு போடுவது. முதல் நாள் எஞ்சின் இல்லாமல். அடுத்த நாள் எஞ்சின் ஓட. அடுத்த நாள் சந்து முனையிலிருந்து தேரடி வரை. ஹார்னுக்குப் பழக்க வேண்டியதில்லை. கன்டெய்னர் லாரி ஹார்னிலேயே கண் திறந்த ஜன்மங்கள்.

தெருவே வேடிக்கை பார்த்தது.

"இன்னாமே, பூனைக்கு டிரைவிங் கிளாஸா?"

"ஆமா. லைசென்ஸ் வாங்கினதும் உன்ன ஒரு ரவுண்டு இட்டுகினு போவும்."

தடைக்காலம், நல்ல மீன் இல்லை. கட்டுமரத்துக்காரர்கள் கொண்டுவருகிற காரப்பொடி மீன்தான். அக்கா திட்டிக்கொண்டே ஒரு கை எடுத்து வைக்கிறாள். மேஸ்திரி சீட்டில் உட்கார்ந்து தின்றான். முடித்து, மூஞ்சியைத் துடைத்து, கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான். ஆபீசுக்குப் போகிற ஆள் மாதிரி.

அக்கா பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எதுக்கு இம்மாம் பேஜாரு? ஒரு சாக்குல போட்டு வாய கட்டினா ரோட்ட பாக்காது, சொம்மா கெடக்கும். பூனை வழிய பாத்தா திரும்பி வந்துடும்டி."

சாக்கு என்ற வார்த்தை வந்ததும் எழுந்து உள்ளே வந்துவிட்டேன். அக்காவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

17 மே, சனி

மேஸ்திரி பெட்டிக்குள் போய்விட்டான். தானாக. வால் மட்டும் வெளியே. நான் அந்தப் பக்கமே பார்க்காமல் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன். பார்த்தால் வெளியே வந்துவிடுவான்.

ரேஷன் கார்டு மாற்ற வேண்டும். கேஸ் சிலிண்டர் அக்காவுக்கு. கேபிள்காரன் இரண்டு தடவை வந்தான்.

18 மே, ஞாயிறு

காற்றே இல்லை. காலை ஆறு மணி, வெள்ளோட்டம். எண்ணூர் வரை போய்த் திரும்புவது. லாரி குறைவாக இருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை.

முதலில் என் கூத்தை எழுதிவிடுகிறேன். வழியில் கெடாத தீனி வேண்டுமே என்று நெத்திலிக் கருவாடு கொடுத்தேன். எங்கள் வீட்டில் யார் எந்த ஊருக்குப் போனாலும் கட்டிக்கொடுப்பது அதுதானே. மூன்றும் ஆசையாகத் தின்றன. கிண்ணம் தண்ணீரையும் குடித்தன. எர்ணாவூர் வருவதற்குள் குள்ளம்மா இரண்டு தடவை வாந்தி, பட்டாணி ஒரு தடவை. பாய் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

"கஸ்தூரிமா, உப்பு காய்ச்ச அத்திப்பட்டு உப்பளம் எதுக்கு, நம்ம பின் சீட்டே போதும்."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்போது வண்டி கால்வாய்ப் பாலத்தில் ஏறியது. சக்கரத்துக்கு அடியில் சத்தம் மாறியது. காற்றும் மாறியது. சேறு, உப்பு, அந்த முகத்துவார வாசனை.

மேஸ்திரி அலறினான். பூனை கத்துகிற கத்தல் இல்லை. நான் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிற சத்தம்.

பாய் பயந்துவிட்டார். "இன்னாமா ஆச்சு அத்துக்கு?" ஒன்றுமில்லை, திருப்புங்கள் என்றேன்.

இப்போது மதியம். மூன்றும் தூங்குகின்றன. எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த நோட்டு எதற்கு.

நாலு வருஷம் முன்னால். அப்போது அந்த ஆள், என் புருஷன், இந்த வீட்டில் இருந்தார். டிரைலர் லாரி ஓட்டினார். மேஸ்திரி அவர் சட்டை மேல் படுத்தான் என்று ஒரு மாதம் சண்டை. "அத்த தொலைச்சிட்டு வா" என்றார். தொலைத்துவிட்டு வந்தேன். வேறு யாரும் இல்லை, நானே. அரிசிச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, எண்ணூர் பஸ். இங்கே எல்லாரும் செய்கிற மாதிரிதான், வழி தெரியக் கூடாது, தண்ணீர் தாண்டி விட வேண்டும். முகத்துவாரத்தில் ஒரு படகுக்காரரைக் கேட்டு அக்கரைக்குப் போய், காட்டுப்பள்ளிப் பக்கம் மணலில் ஒரு கருவேலம் புதர் அடியில் சாக்கை அவிழ்த்தேன். படகு தண்ணீரில் போகும்போது பலகைக்கு மேல் அவன் போட்ட சத்தம்தான் இன்றைக்குக் கேட்டது. திரும்பும்போது படகில் நான் மட்டும்.

பத்தொன்பதாம் நாள் காலை வாசலில் உட்கார்ந்திருந்தான். உடம்பெல்லாம் அனல்மின் நிலையத்துச் சாம்பல். காது பாதி இல்லை. ஆற்றை எப்படித் தாண்டினான் என்று இன்றுவரை தெரியாது. பாலத்தில் நடந்தானோ, எவன் படகிலாவது ஓசியில் வந்தானோ. என்னைத் தாண்டி உள்ளே போய்த் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான். ஒரு கேள்வி கேட்கவில்லை.

"ஒண்ணு அது, இல்ல நானு" என்றார் அந்த ஆள். கதவைத் திறந்து வைத்தேன். மணலியில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது அவருக்கு, அங்கே போனார். பூனை திரும்பி வந்தது. அவர் வரவில்லை. எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

பூனையைக் கொண்டுவிட்டதுதான் வருத்தம். வெட்கம். அவமானம். எந்த வார்த்தையும் போதவில்லை.

ஆகையால் சாக்கு கிடையாது. கண்ணைக் கட்டுவது கிடையாது. மேலே துணி போட்டு மூடுவது கூடக் கிடையாது. யார் என்ன சொன்னாலும் சரி. அவன் வழி பார்த்துக்கொண்டே வரட்டும்.

19 மே, திங்கள்

தூத்துக்குடி வீட்டுக்கார அம்மாவுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன். பூனைகளை மறைத்து வைத்துக் குடிபோகச் சொன்னார்கள் ஷெட்டில். மறைக்க நான் என்ன திருடிக்கொண்டா போகிறேன்.

"அம்மா, எங்கூட மூணு பூனை வரும். முன்னாடியே சொல்லிடறேன். வேணாம்னா வேற வீடு பாத்துக்கறேன்."

"அதுக்கென்னம்மா, கூட்டிட்டு வாங்க. இங்க எலி கெடந்து ஆட்டம் போடுது. மூணு பத்துமா?"

சண்டைக்குத் தயாராகப் போனவள் நான். ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பூத்துக்காரர் ஓடுகிற மீட்டரைக் காட்டினார்.

20 மே, செவ்வாய்

மாட்டாஸ்பத்திரி. எனக்கு முன்னால் இரண்டு எருமை, ஒரு கோழி. டாக்டர் சின்ன வயசு, நிமிர்ந்து பார்க்காமல் எழுதினார். தூங்க மாத்திரை கேட்டேன். "வேண்டாம்மா. இந்த வெயிலுக்கு மயக்கத்துல மூச்சு வாங்கும். வெறும் வயித்துல கொண்டு போங்க." கருவாடு கொடுத்ததைச் சொன்னேன். அப்போது நிமிர்ந்து பார்த்தார்.

சனிக்கிழமைக்கு:

முந்தின நாள் சாயங்காலம் ஆறுக்குப் பிறகு தீனி இல்லை
தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக, நிறுத்தும்போது மட்டும்
ஈரத் துண்டு நாலு, ஐஸ் ஒரு பிளாஸ்க்
பழைய பேப்பர், மண் ஒரு முறம் (நம் வாசல் மண்ணே)
உப்பில்லாமல் வேகவைத்த மீன், போய்ச் சேர்ந்த பிறகு
புது வீட்டில் இரண்டு வாரம் ஓர் அறைக்குள், ஜன்னல் சாத்தி
கருவாடு இல்லை. இல்லவே இல்லை

21 மே, புதன்

பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்.

ஷெட்டில் கணக்கெடுப்பு, இரண்டு மணிக்கு வீடு. வாசலில் அக்கா, முழங்கையில் ரத்தம். கீழே காலி அரிசிச் சாக்கு.

உதவி செய்கிறாளாம். நான் வருவதற்குள் மூன்றையும் பெட்டியில் போட்டுப் பழக்கலாம் என்று நினைத்தாளாம். மற்ற இரண்டும் பெட்டிக்குள் போய்விட்டன. மேஸ்திரி நின்று பார்த்தான். பூனை பிடிக்க இந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே வழி, மேலே சாக்கைப் போடுவது. போட்டாள். கிழித்துக்கொண்டு கூரை ஏறிப் போய்விட்டான்.

"சாக்க எவ எடுக்க சொன்னது?"

"இன்னாடி இம்மாம் கத்தற? பூனைய சாக்குலதான் பிடிப்பாங்கோ, பட்டுப் பொடவையிலயா பிடிப்பாங்கோ?"

"என் பூனைய நீ தொடாத. என் வூட்டுக்குள்ள வராத."

"வரல தாயே. நீயும் உன் பூனையும் நல்லா இருங்கோ."

அவள் கதவைச் சாத்தினாள். நானும். ஒரே சுவர், இரண்டு பக்கமும் அதிர்ந்தது.

ஏழு மணி. வரவில்லை.

22 மே, வியாழன்

வரவில்லை.

தட்டில் கரண்டியால் தட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனேன். அந்தச் சத்தத்துக்கு எங்கிருந்தாலும் வருவான். வலை பின்னுகிற கொட்டகை, ஐஸ் பேக்டரி பின்பக்கம், சாக்கடை ஓரம், ரயில்வே சுவர். வேறு பூனைகள் ஒன்பது வந்தன. சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களைப் பார்த்து இன்னும் பலமாகத் தட்டினேன்.

பாயிடம் போனேன். "அது வராம நான் கெளம்ப மாட்டேன் பாய்."

"வேல?"

"வேல கெடக்கு."

கொஞ்ச நேரம் ஸ்பேனரைத் துடைத்தார். "சனிக்கிய்ம காலைல நாலரைக்கு வண்டி வந்து நிக்கும். நீ ஏறு, ஏறாத போ. வண்டி நிக்கும்."

மானேஜருக்கு போன். வர இரண்டு மூன்று வாரம் தாமதம் ஆகலாம் என்றேன். காரணம் கேட்டார். சொன்னேன்.

"ஒரு பூனைக்காகவா?"

"ஆமா சார்."

இவ்வளவுதானா? இரண்டு வார்த்தை. நாலு வருஷத்துக்கு முன்னால் இந்த வாய் எங்கே போயிருந்தது.

வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். போனை வைத்தேன்.

வீட்டில் சாமான் கட்டி வைத்திருந்த சாக்குகள் ஐந்து. ஐந்தையும் அவிழ்த்துக் கொட்டினேன். பாத்திரத்தைப் புடவையில் மூட்டை கட்டினேன். சாக்குகளைத் தெருக்கோடி குப்பைத் தொட்டியில் போட்டேன். அவன் திரும்பி வரும்போது வீட்டில் அந்த வாசனை இருக்கக் கூடாது.

பத்தொன்பது நாள் என்றாலும் இருக்கிறேன். போன தடவை அவன் எனக்காக நடந்தான்.

23 மே, வெள்ளி

காலை பத்தரை. வாசலில் சத்தம். தெருவில் பாதி பேர் கூடவே வருகிறார்கள்.

நடுவில் வசந்தா அக்கா. செருப்பு இல்லை. இரண்டு கையிலும் மேஸ்திரி, தோள் மேல் தலை. முந்தானையால் அவன் உடம்பைச் சுற்றியிருக்கிறாள், தலையை மூடவில்லை. அவன் கண் முழித்துக்கொண்டு எல்லாரையும் பார்த்தபடி வருகிறான். அவள் கழுத்தில் இருந்து மணிக்கட்டு வரை கீறல்.

டோல்கேட்டில் அவள் கடைக்கு அடியில், ஐஸ் பெட்டிக்குப் பின்னால் இருந்தானாம். அவளுடைய மீன் வாசனை அவனுக்குத் தெரியாதா? ஆட்டோக்காரன் ஏற்றவில்லை. பஸ்ஸில் ஏறினாள், அடுத்த ஸ்டாப்பிலேயே கண்டக்டர் இறக்கிவிட்டார். ஹை ரோட்டில் நடந்தே வந்திருக்கிறாள், அந்த வெயிலில், லாரிகளுக்கு நடுவில், கடையை அப்படியே போட்டுவிட்டு.

வழியெல்லாம் கேட்டார்களாம். "இன்னா வசந்தா, மீன வித்துட்டு பூனை வாங்கிட்டியா?"

"ஆமா, நீயும் ஒண்ணு வாங்கிக்கோ, உன் வாய நக்கும்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாள்.

நான் இரண்டு கையையும் நீட்டினேன். வாங்கிக்கொண்டேன். கனமாக இருந்தான். என் கழுத்தில் மூக்கை வைத்தான். சத்தமாக அழுதேன், தெரு பார்த்தால் பார்க்கட்டும்.

அக்கா படியில் உட்கார்ந்தாள். "சாக்கு என் கால் கீயதான் கெடந்துச்சி. எடுக்கல. நீ அன்னிக்கு கத்தினது காதுலயே கீது."

அப்போது சொன்னேன். எண்ணூர், படகு, காட்டுப்பள்ளி, எல்லாம். முழுவதும் கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"அந்தக் கயிதைக்காகவா இத்த கொண்டு போயி வுட்ட?"

"ஆமா."

"தூ."

சரியாகத்தான் சொன்னாள். அவள் கைக்கு டெட்டால் போட்டேன். எரிகிறது என்று என்னைத் திட்டினாள். இரண்டு பேரும் பழைய சோறு தின்றோம்.

மானேஜருக்கு மறுபடி போன் செய்தேன். இன்னும் ஆள் பார்க்கவில்லையாம். "பூனை வந்துடுச்சா?" என்று முதலில் அதைத்தான் கேட்டார்.

24 மே, சனி

கா. 5.10. கிளம்பியாகிவிட்டது. வண்டி ஆட்டத்தில் எழுத்து கோணல்.

சனிக்கிழமை பயணம், மூன்று பூனை. ஊரில் உள்ள எல்லா அபசகுனத்தையும் ஒரே வண்டியில் ஏற்றியிருக்கிறேன். தேரடி ஸ்டாண்டைத் தாண்டும்போது அந்த விபூதி டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தான். கையை ஆட்டினேன்.

மேஸ்திரியைப் பெட்டியில் ஏற்றியது நான் இல்லை. கதவைத் திறந்து வாசலில் வைத்துவிட்டு எல்லாரும் தள்ளி நின்றோம். பாய் எஞ்சினை ஓடவிட்டார். கால் மணி நேரம். பிறகு எழுந்தான், சோம்பல் முறித்தான், உள்ளே போனான்.

அக்கா உப்பில்லாத மீனை எவர்சில்வர் டப்பாவில் கொடுத்தாள். பெட்டி ஓட்டை வழியாக விரலை நீட்டி அவனிடம்தான் பேசினாள். என்னிடம் இல்லை.

"வழிய நல்லா பாத்து வெச்சிக்கோ நைனா. இவ ஒயிங்கா சோறு போடலன்னா கெளம்பி வந்துடு. நான் கீறேன்."

டோல்கேட் வரை வந்து இறங்கிக்கொண்டாள். கடை திறக்க வேண்டுமாம். திரும்பிப் பார்க்கவில்லை. மேஸ்திரி பார்த்தான், அவள் மறைகிற வரை.

கா. 7. செங்கல்பட்டு தாண்டி. பாலாற்றுப் பாலம். ஆறு என்று பெயர், மணல்தான். ஆனாலும் சக்கரத்தின் சத்தம் மாறியதும் அலறினான். பட்டாணியும் சேர்ந்து அழுதது. குள்ளம்மா தூக்கம். பாய் ரேடியோவை நிறுத்தினார். "மூடிடலாமா? துண்டு போட்டா அடங்கும்."

"வேணாம் பாய். பாக்கட்டும்."

கா. 9.30. விழுப்புரம். இட்லி. பூனைகளுக்கு இரண்டு மூடி தண்ணீர், ஈரத் துண்டு. ஹோட்டல்காரப் பெண் எட்டிப் பார்த்து, எந்த ஊர்ப் பூனை என்றாள். திருவொற்றியூர் என்றேன். அப்படியா என்று ஏதோ தெரிந்த ஊர் மாதிரி தலையாட்டினாள்.

இதுவரை பாலம் ஏழு. ஏழிலும் அழுதான்.

மதியம் 1.15. திருச்சி தாண்டி, சாலையோர வேப்ப மரம். பாய் டயருக்குக் காற்று பார்க்கிறார். கொள்ளிடத்தில் நடந்ததை எழுதிவிட வேண்டும்.

நீளமான பாலம். தூரத்திலேயே தெரிந்தது. பெட்டியை என் மடிக்கு மாற்றினேன். கதவைக் கொஞ்சம் திறந்து வலது கையை உள்ளே விட்டேன். வண்டி பாலத்தில் ஏறியதும் ஆரம்பித்தான். கையைக் கடித்தான். நன்றாகவே, பல் உள்ளே இறங்குகிற மாதிரி. நான் எடுக்கவில்லை. நாலு வருஷத்துக் கடி, அவன் வைத்திருந்து கொடுக்கிறான், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கீழே மணல், மணல், ஓரமாக ஒரு கீற்றுத் தண்ணீர். பாலம் முடிகிற வரை கத்தினான்.

முடிந்தது. தார் ரோடு, மரங்கள், பழைய சத்தம். அவன் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். கையை மோந்தான். இன்னொரு தடவை பார்த்தான்.

அக்கரை வந்துவிட்டது, அவனை நான் இறக்கிவிடவில்லை.

அடுத்தது காவிரிப் பாலம். ஏறினோம், தாண்டினோம். சத்தமே இல்லை. என் கை மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

கை வீங்குகிறது. இடது கையால் எழுதியதால் இந்தப் பக்கம் இப்படி. டெட்டால் எந்த மூட்டையில் கட்டினேன் என்று தேட வேண்டும். பாய் வண்டியைக் கிளப்புகிறார், மீதி தூத்துக்குடியில்.